குரங்கு விசாரணைக்கு வராது!



கரண்ட் போனா எங்கட ஆக்கள் இப்ப மெழுகுதிரியைத் தேட முதல் போனைத்தான் தேடுறம். "உங்கட பக்கமும் இல்லையோ?" என்று ஒரு மெசேஜ் போகும். இரண்டாவது நிமிசம் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரங்குப் படம் வந்து குந்தியிருக்கும். ஒன்றில் அது வயரைப் பிடித்து ஊஞ்சல் ஆடும், இன்னொன்றில் கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு இருக்கும். கீழே நாலு பேர் வயிறு குலுங்கச் சிரிக்கிற பொம்மை போட்டிருப்பினம். கரண்ட் வந்ததும் எல்லாரும் போனை வைத்துவிட்டு மோட்டரைப் போடப் போய்விடுவார்கள்.

அந்தப் பகிடி தொடங்கின நாள் உங்களுக்கு நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11.30 மணி அளவில், ஞாயிற்றுக் கறி அடுப்பில் கொதிக்கிற நேரம், முழு இலங்கையும் ஒரே அடியில் இருண்டது. பருத்தித்துறைக்கும் இல்லை, தேவேந்திரமுனைக்கும் இல்லை. 2 கோடியே 20 லட்சம் சனம் உள்ள ஒரு நாடு. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் வந்த குழப்பம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி ஊடகங்களுக்குச் சொன்னார். பல மணித்தியாலம் கழித்துத்தான் பகுதி பகுதியாக வெளிச்சம் திரும்பியது.

அமைச்சர் சொல்லி வாய் மூட முதல் நாடு சிரிக்கத் தொடங்கிவிட்டது. இலங்கை, குரங்கு என்று இரண்டு சொல்லையும் சேர்த்தால் தமிழனுக்கு வேறென்ன ஞாபகம் வரும்? அனுமார்தான். அன்றைக்கு வாலில் நெருப்போடு வந்து இலங்கையை எரித்தவர், இன்றைக்கு எரிகிற லைட்டையெல்லாம் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்ற பகிடியை ஆளுக்கொரு மாதிரி மாற்றி மாற்றிச் சொன்னோம். "குரங்கு கையில் பூமாலை" என்ற பழமொழியில் பூமாலையை எடுத்துவிட்டு மின்மாற்றியை வைத்தார்கள். சிங்களச் சகோதரர்களும் சளைக்கவில்லை, ஆங்கிலம் எழுதுகிற கொழும்புக்காரரும் சளைக்கவில்லை. மூன்று மொழிக்காரரும் ஒரே நாளில் ஒரே விசயத்துக்குச் சிரித்தது இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிற ஒன்றா, சொல்லுங்கோ பாப்பம்.

சிரித்ததில் பிழை ஒன்றும் இல்லை. இருட்டில் சிரிப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணம் வருடக்கணக்காக மின்சாரம் இல்லாமல் கிடந்தது. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுச் சொட்டு எண்ணெயில் விளக்கெரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். செய்தி நேரத்தில் பெடல் சுற்றுகிறவர் களைத்துப்போனால் செய்தியாளரின் குரலும் இழுபட்டு இழுபட்டு அடங்கும் என்று அந்தக் காலத்து ஆக்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே, "நாடே இருண்டு கிடக்கு, உங்களுக்குப் பகிடியோ?" என்று யாராவது பெரிய மனுசத்தனமாகக் கேட்டால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எங்களுக்கு உள்ள கவலை வேறு. இந்தப் பகிடியால் யாருக்கு லாபம் என்று ஒருக்கா யோசித்துப் பாருங்கோ.

குரங்கைப் போல வசதியான குற்றவாளி கிடைக்காது. அது மறுப்பறிக்கை விடாது. அதற்குத் தொழிற்சங்கம் இல்லை. நாடாளுமன்றத் தெரிவுக்குழு கூப்பிட்டால் வராது, வந்தாலும் வாழைப்பழத்தைத் தவிர எதையும் கேட்காது. நாங்கள் குரங்கைப் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே பின்கதவால் போய்விடுகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சரி, குரங்கு பட்டது உண்மையா பொய்யா என்று நாங்கள் இங்கே வாதாட வரவில்லை. உண்மையாகவே இருக்கட்டும். உலகத்தில் இது முதல் தடவையும் இல்லை. 2016 ஜூன் 7ஆம் திகதி கென்யாவில் கிட்டாரு நீர்மின் நிலையத்தின் கூரையில் ஏறின ஒரு குரங்கு மின்மாற்றி மேல் விழுந்து, 180 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தி நின்று, நாடே இருண்டது. (அந்தக் குரங்கு உயிர் தப்பியது. வனவிலங்குத் துறை பொறுப்பெடுத்தது.) அமெரிக்காவில் 1987 டிசம்பரில் ஒரு அணில் நாஸ்டாக் பங்குச்சந்தையின் கணினி மையத்துக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வியாபாரத்தையே நிறுத்திவிட்டது. 1994இல் இன்னொரு அணில் வந்து அதே வேலையைச் செய்தது. தமிழ்நாட்டில் 2021 ஜூனில் மின்சாரத்துறை அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி மின்தடைக்கு அணிலையும் ஒரு காரணமாகச் சொல்லப்போய், அங்கத்தைய மீம்காரர்கள் அவரை என்ன பாடு படுத்தினார்கள் என்று பார்த்திருப்பீர்கள். அணில் வயரில் ஓடினால் பழுது வரும் என்பது உண்மைதான். உண்மையைச் சொல்லியும் மனுசன் சிரிப்புக்கு ஆளானார். ஏன்? சனம் கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று.

இங்கேயும் கேள்வி அதுதான். பாணந்துறையில் ஒரு மின்மாற்றி பழுதானால் பாணந்துறை இருளலாம். களுத்துறை இருளலாம். காங்கேசன்துறையில் ஏன் மின்விசிறி நிற்க வேண்டும்?

இதற்கான பதில் கொஞ்சம் தொழில்நுட்பமானது. ஆனால் அடுத்த முறை யாரும் உங்களுக்குக் குரங்குக் கதை சொல்ல ஏலாது. அதனால் பொறுமையாக வாசியுங்கோ.

வீட்டில் திரிகை சுற்றியிருப்பீர்கள், இல்லாவிட்டால் அம்மம்மா சுற்றியதைப் பார்த்திருப்பீர்கள். கல்லு கனமாக இருந்தால், கையை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். எங்கட மின்வலையமைப்பும் அப்படித்தான் நிற்கிறது. நீர்மின், அனல்மின் நிலையங்களில் உள்ள பாரிய மின்பிறப்பாக்கிகள் எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில், 50 ஹேர்ட்ஸ் என்ற கணக்கில், சுற்றிக்கொண்டிருக்கின்றன. எங்காவது ஒரு அடி விழுந்தால் அந்தக் கனம்தான் சில நொடிகளுக்குத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சில நொடிக்குள் தானியங்கிக் கருவிகள் பழுதான பகுதியை வெட்டிவிட்டு மிச்ச நாட்டைக் காப்பாற்ற வேண்டும்.

கூரையில் இருக்கிற சோலருக்கு அந்தக் கனம் இல்லை. அது வெயிலை மின்சாரமாக்கித் தருகிறது, நல்ல விசயம், ஆனால் அதில் சுற்றுகிற கல்லு கிடையாது. பெப்ரவரி 9 என்ன கிழமை? ஞாயிறு. தொழிற்சாலையும் கந்தோரும் பூட்டு. தேவை குறைவு. நேரமோ நண்பகலை நெருங்கினது, நல்ல வெயில். அந்த நேரத்தில் ஓடின மின்சாரத்தில் பெரும் பங்கு சோலர். கனமான மெசின்கள் குறைவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பாணந்துறையில் அடி விழுந்ததும் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. நுரைச்சோலையில் உள்ள மூன்று மெசின்களும், தலா 300 மெகாவாட், அடுத்தடுத்து நின்றன. பிறகென்ன, சீட்டுக்கட்டு வீடு மாதிரிச் சரிந்தது. இது நாங்கள் கண்டுபிடித்த கதை இல்லை. வலையமைப்பு அந்த நேரம் அப்படிப் பலவீனமாக இருந்தது என்று இலங்கை மின்சார சபையே பிறகு விளக்கம் கொடுத்தது.

நிலக்கரி நிலையம் ஒன்று இப்படி நின்றால் வீட்டு மோட்டர் மாதிரி சுவிட்சைத் தட்டி உடனே ஓட விட ஏலாது. நாட்கள் எடுக்கும். அதனால்தான் 10ஆம், 11ஆம் திகதிகளில் பகுதி பகுதியாக ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வந்தது. தையல் மெசினில் கூலிக்குத் தைக்கிற பெண்ணுக்கு அந்த ஒன்றரை மணித்தியாலம் ஒரு சட்டைக் காசு. ஐஸ்கிறீம் கடைக்காரருக்கு ஒரு பெட்டி தண்ணியாகிப் போன கணக்கு. வீட்டில் ஒக்சிசன் மெசினோடு படுத்திருக்கிற ஒரு நோயாளிக்கு என்ன என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. இந்தக் கணக்கெல்லாம் மீமில் வராது.

ஆக, அன்றைக்குக் குரங்கு செய்தது ஒரு சின்னத் தட்டு. தட்டினால் விழுகிற நிலையில் வலையமைப்பை வைத்திருந்தது யார்?

இதே விசயத்தை வேறொரு நாட்டில் கண்ணால் பார்க்கக்கூடிய மாதிரி நடந்தது. 2023 ஏப்ரலில் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில், பெரிய நெடுஞ்சாலை ஒன்றின் பக்கத்தில், ஏழு உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. ஒன்று விழுந்ததும் கம்பி இழுத்து அடுத்தது, அது இழுத்து அதற்கடுத்தது. நகரத்தின் கிழக்குப் பகுதி நாட்கணக்காக இருளில் கிடந்தது. கோபுரத்தின் அடியில் தாங்கி நின்ற இரும்புத் துண்டுகளைப் பழைய இரும்புக்காகக் களவெடுத்ததுதான் காரணம் என்றார்கள். மின்வெட்டைப் பற்றிப் பகிடி சொல்வதில் தென்னாபிரிக்கர்கள் எங்களுக்கு அண்ணன்மார், அவர்கள் அதற்கும் சிரித்தார்கள். ஆனால் பாருங்கோ, கடைசிக் காற்று தள்ளிய நேரத்தில் மட்டும் அந்தக் கோபுரம் விழவில்லை. ஒவ்வொரு துண்டாகக் கழற்றுப்பட்டு, ஒருவரும் போய்ப் பார்க்காத ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டுதான் இருந்தது.

எங்கட கதையையும் பின்னோக்கிப் பாருங்கோ. 2020 ஓகஸ்ட் 17, நாடு முழுக்க இருள். கெரவலப்பிட்டியில் ஊழியர் ஒருவரின் பிழை என்றார்கள். 2021 டிசம்பர் 3, நாடு முழுக்க இருள். கொத்மலை – பியகம மின்வடத்தில் பழுது. 2023 டிசம்பர் 9, நாடு முழுக்க இருள். திரும்பவும் அதே கொத்மலை – பியகம. 2025 பெப்ரவரி 9, குரங்கு. ஒருக்கா மனுசன், இரண்டு தரம் வயர், பிறகு குரங்கு. ஆட்சியும் மாறியிருக்கு, அமைச்சரும் மாறியிருக்கினம், குற்றவாளியும் மாறியிருக்கு. ஒரு இடத்துப் பழுது முழு நாட்டையும் விழுத்துகிற அமைப்பு மட்டும் அப்படியே இருக்கு. ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். இங்கே முற்றத்தில் குரங்கு என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த இடத்தில் அந்தப் பிராணிக்காக ஒரு வார்த்தை. தேங்காய் விலை ஏறினாலும் குரங்கு, கரண்ட் போனாலும் குரங்கு என்றாகிவிட்டது இந்த நாட்டில். 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று அன்றைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர யோசித்தார். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, தோட்டம் துரவில் நிற்கிற குரங்கு, மயில், மர அணில்களை ஐந்தே நிமிடத்தில் எண்ணச் சொல்லி நாடு முழுக்கச் சனத்தை நிறுத்தியது இன்றைய அரசாங்கம். குரங்கு வரிசையில் நின்று எண்ணச் சொல்லிக் கைதூக்குமா என்று அதற்கும் சிரித்தோம். தென்னையும் மரக்கறியும் வைத்திருக்கிற விவசாயிக்குக் குரங்கால் வருகிற நட்டம் பகிடி இல்லை, அது உண்மையான கண்ணீர். அதற்கு உருப்படியான தீர்வு வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் சொல்கிறோம்: எல்லாத் துறையும் தன் குப்பையைக் குரங்கின் தலையில் கொட்டினால், உண்மையில் குரங்கால் பாதிக்கப்பட்டவனின் முறைப்பாடும் பகிடியாகத்தான் போய் முடியும்.

குரங்குக்குப் பிறகு பழி யாரிடம் போனது தெரியுமா? உங்களிடம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரையில் சோலர் வைத்திருக்கிறவர்கள் பகலில் மாலை 3 மணி வரைக்கும் அதை நிறுத்தி வையுங்கோ என்று மின்சார சபை கேட்டது. விடுமுறையில் தேவை குறையும், வலையமைப்பு தாங்காது என்ற பயம். தொழில்நுட்பக் காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் 2016இல் "சூரிய பல சங்கிராமய" என்று பேர் வைத்து, கடன் எடுத்தாவது சோலர் பூட்டுங்கோ, நாட்டுக்கு மின்சாரம் தாருங்கோ என்று ஊக்கப்படுத்தியது அரசுதானே? ஒன்பது வருசமாகச் சனம் நம்பிப் பூட்டினது. அந்த ஒன்பது வருசத்தில் பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் கொடுக்கிற பெரிய பற்றரிகள் எத்தனை வந்தது? வெயிலைக் கூப்பிட்டுவிட்டு, வந்தபிறகு "கொஞ்சம் வெளியில நில்" என்றால் எப்படி? நகையை அடைவு வைத்துச் சோலர் போட்டவன் அதை நிறுத்திவிட்டுப் புத்தாண்டு கொண்டாட வேண்டுமாம்.

உறவுகளே, சிரிப்பைக் குறைத்து எடைபோடுகிறவர்கள் 2022ஐ ஒருக்கா நினைத்துப் பார்க்கட்டும். அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. அப்போதும் சனம் சிரித்தது. அடுப்பில்லை, எண்ணெய் இல்லை, கரண்ட் இல்லை, மீம் மட்டும் தட்டுப்பாடில்லாமல் வந்தது. ஆனால் அந்த மீம்களில் குரங்கு இல்லை, அணில் இல்லை. யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமோ அவர்களின் முகம் இருந்தது, பெயர் இருந்தது. மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டுக்கு முன்னால் சனம் திரண்டபோது, அதற்கு முதல் வாரங்களில் போனுக்குள் நடந்த சிரிப்பெல்லாம் தெருவுக்கு வந்து நின்றது.

அதனால் எங்கள் ஆதரவாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குரங்குப் படத்தைப் போடுங்கோ. நாங்களும் பார்த்துச் சிரிக்கிறோம். போடும்போது, கீழே ஒரு வரி சேர்த்துப் போடுங்கோ. ஒரு உப மின்நிலையத்தில் பழுது வந்தால் அதை மட்டும் பிரித்து விடுகிற பாதுகாப்பு அமைப்பு ஏன் வேலை செய்யவில்லை? 2020க்கும் 2021க்கும் 2023க்கும் 2025க்கும் நடந்த விசாரணைகளின் பரிந்துரைகளில் எது எது நிறைவேறினது? பற்றரித் திட்டம் எந்தக் கட்டத்தில் நிற்குது? சோலரை நிறுத்தச் சொன்ன நாட்களுக்கு நட்டஈடு உண்டா? இதில் ஒன்றைக் கேட்டாலே போதும். மின்கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கிற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் இதற்குப் பதில் வாங்கித் தர வேண்டிய இடம்தான். கட்டணம் கூட்ட முதல் பொதுமக்களின் கருத்துக் கேட்பார்கள் அல்லவா? அங்கே போய்க் கேளுங்கோ.

இன்னுமொன்று. பகிடி என்ற பேரில் கம்பத்தில் ஏறி வேலை செய்கிற மின்சார ஊழியரை நக்கலடிக்க வேண்டாம். மழைக்குள்ளும் காத்துக்குள்ளும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் அவர். வலையமைப்புத் திட்டத்தை எழுதினது அவர் இல்லை. அதே மாதிரி, சிங்களச் சனத்தைக் குரங்கோடு சேர்த்து எழுதுகிற பதிவு எங்கள் பக்கத்தில் வந்தால் நாங்கள் அழிப்போம். அன்றைக்கு இருட்டில் இருந்தது அவர்களும்தான்.

கடைசியாக, வீட்டுக்குப் பக்கத்து விசயம். பாணந்துறை தூரம் என்று நினைக்காதீர்கள். உங்கட ஒழுங்கையில் சாய்ந்து நிற்கிற கம்பம் எது? மதிலில் முட்டிக்கொண்டு தொங்குகிற வயர் எது? தென்னோலை விழுந்தால் அறுந்துபோகிற இடம் எது? மின்சார முறைப்பாட்டு இலக்கம் 1987. (நாஸ்டாக்கை அணில் நிறுத்தின அதே வருசம், தற்செயல்தான், சிரிச்சுப்போட்டு மறக்காமல் அடியுங்கோ.) அடித்த திகதியைக் குறித்து வையுங்கோ. ஒரு கிழமைக்குள் யாரும் வராவிட்டால் கம்பத்தின் படத்தையும் ஊர்ப் பெயரையும் திகதியையும் இந்தப் பதிவின் கீழே போடுங்கோ. வருகிற எல்லாவற்றையும் பட்டியலாக்கி, பிரதேச மின் அத்தியட்சகர் கந்தோருக்கு எங்கள் பிரதிநிதிகள் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பமும் வாங்கி வருவார்கள்.